பத்து வருடத்தில் ஊரில் எத்தனை பேர், எத்தனை வீடு? கணக்குப் போடப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

உள்ளாட்சியின் திட்டப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் மாதத்திலேயே வந்து விழும் கேள்வி இது: "இன்னும் பத்து வருடத்தில் ஊரில் எத்தனை பேர் இருப்பார்கள்? நாளைக்குள் ஒரு எண் வேண்டும்." எண்ணைச் சொல்லிவிடுவது சுலபம். ஆறு மாதம் கழித்து அது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால்தான் கை பிசைய நேரிடும்.

இதற்கென்று பெரிய மென்பொருள் தேவையில்லை. எக்செல் போன்ற ஒரு விரிதாள், கொஞ்சம் பொறுமை, பதிவேடுகளைத் தேடி நான்கு அறைகளுக்கு நடக்கும் கால்கள், இவ்வளவு போதும். விளக்கத்துக்காக ஒரு கற்பனை ஊரைக் கூடவே வைத்துக்கொள்வோம். அதன் இன்றைய மக்கள்தொகை 60,000. பத்து வருடத்துக்கு முன் நடந்த கணக்கெடுப்பில் 48,000. வீடுகள் 15,500. இந்த எண்கள் நானே போட்டவை. உங்கள் ஊருக்கு உங்கள் எண்கள்.

முதலில், கேட்பவர் எதைக் கேட்கிறார்?

"எத்தனை பேர் இருப்பார்கள்" என்ற கேள்விக்குள் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. இதுவரை போன மாதிரியே போனால் எவ்வளவு வரும்? தெரிந்ததையெல்லாம் வைத்துப் பார்த்தால் எவ்வளவு வரும் என்று நாம் நினைக்கிறோம்? எவ்வளவு வரவேண்டும் என்று விரும்புகிறோம்? முதலாவது வெறும் நீட்டிப்பு, இரண்டாவது கணிப்பு, மூன்றாவது இலக்கு. கூட்டத்தில் இந்த மூன்றையும் ஒரே எண்ணாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். நீங்களாவது கோப்பின் முதல் பக்கத்தில் இது எந்த வகை என்று எழுதிவிடுங்கள்.

எதற்காக என்பதும் முக்கியம். பள்ளி வகுப்பறைக்கு ஐந்தாறு வருடக் கணக்கு போதும், ஆனால் வயது வாரியாக வேண்டும். குடிநீர்க் குழாய்க்கு வயது தேவையில்லை. முப்பது வருடம் தாங்கும் மொத்த எண் வேண்டும். வீட்டுத் தேவைக்கு ஆட்களைவிடக் குடித்தனங்களின் எண்ணிக்கை முக்கியம். ஒரே அட்டவணையால் எல்லாவற்றையும் தீர்க்க நினைத்தால் எதற்கும் சரியாகப் பொருந்தாது.

அடிப்படை எண்ணைச் சுத்தம் செய்யுங்கள்

பாதி வேலை இங்கேதான். ஆனால் பெரும்பாலானோர் இதை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டுச் சூத்திரத்துக்குத் தாவிவிடுவார்கள்.

பார்க்க வேண்டிய முதல் விஷயம் எல்லை. நம் கற்பனை ஊர் 48,000 இலிருந்து 60,000 ஆனது, 12,000 வளர்ச்சி. ஆனால் நடுவில் பக்கத்துக் கிராமம் ஒன்றை ஊருடன் சேர்த்திருக்கிறார்கள். பழைய கணக்கெடுப்பில் அந்தக் கிராமத்தில் 2,500 பேர். அப்படியானால் இன்றைய எல்லைக்குள் அன்றைக்கு இருந்தவர்கள் 50,500. உண்மையான வளர்ச்சி 9,500 மட்டுமே. மீதி 2,500 பேர் எங்கிருந்தும் வரவில்லை. ஊர்தான் அவர்களிடம் போயிருக்கிறது. எல்லா ஆண்டுகளின் எண்களையும் இன்றைய எல்லைக்கு மாற்றிய பிறகே அடுத்த வேலை. இதைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சற்று நேரத்தில் எண்ணாகவே பார்ப்போம்.

இரண்டாவது பிறப்புப் பதிவேடு. ஊரில் பெரிய மகப்பேறு மருத்துவமனை இருந்தால் சுற்றுவட்டாரக் குழந்தைகள் எல்லாம் உங்கள் கணக்கில் பிறந்திருக்கும். இல்லையென்றால் உங்கள் ஊர்க் குழந்தைகள் வேறு ஊரின் ஏட்டில் இருப்பார்கள். பிறந்த இடத்தை வைத்து எண்ணக் கூடாது, தாயின் வசிப்பிட முகவரியை வைத்துப் பிரிக்க வேண்டும். இறப்புக்கும் இதே விதிதான்.

மூன்றாவது வயது. கணக்கெடுப்பில் வயதைக் கேட்டால் பலர் 30, 40, 45 என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். 39க்கும் 41க்கும் ஆள் இருக்காது. ஐந்தாண்டு வயதுக் குழுக்களாகச் சேர்த்தால் இந்தக் கோணல் ஓரளவு சரியாகும். கைக்குழந்தைகள் கணக்கில் விடுபடுவது பல நாடுகளில் காணப்படும் பழைய குறை. 0–4 வயது எண்ணிக்கையைக் கடந்த ஐந்து வருடப் பிறப்புகளோடு ஒப்பிட்டால் விடுபட்டது தெரியும்.

நான்காவதாக, விடுதி, முதியோர் இல்லம், சிறை, படை முகாம் போன்ற இடங்களில் இருப்பவர்களைத் தனிப் பத்தியில் எடுத்து வையுங்கள். அவர்கள் வீட்டுச் சந்தைக்கு வருபவர்கள் அல்லர். நம் ஊரில் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். மீதி 58,800 பேர் 14,700 குடித்தனங்களில் வாழ்கிறார்கள். சராசரியாக ஒரு குடித்தனத்துக்கு 4 பேர்.

குடித்தனம் என்றால் என்ன என்பதிலேயே நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. சில நாடுகளில் ஒரு வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு குடித்தனம். வேறு சில இடங்களில் ஒரே சமையலில் சாப்பிடுபவர்கள் ஒரு குடித்தனம். அதனால் ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம் இருக்கலாம். இரண்டு அறிக்கைகளின் எண்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டும் ஒரே வரையறையில் எழுதப்பட்டவையா என்று பாருங்கள்.

கடைசி கணக்கெடுப்பு பழையதாக இருந்தால் வீட்டை வைத்து ஆளை எண்ணும் முறை கைகொடுக்கும். வீட்டு மின் இணைப்புகள் அல்லது வரிப் பதிவேட்டில் உள்ள குடியிருப்புகளின் எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஆள் குடியிருக்கும் பங்கைப் பெருக்குங்கள். வருவதைச் சராசரிக் குடித்தன அளவால் பெருக்கி, விடுதி மக்களைக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் சுழியே காட்டும் மின் மீட்டர்கள் காலி வீடுகளுக்கு நல்ல சாட்சி. ஒரே வீட்டுக்கு இரண்டு மீட்டர், நான்கு குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் என்ற குழப்பமும் இருக்கும். ஒரு தெருவைத் தேர்ந்தெடுத்து நடந்து எண்ணிப் பாருங்கள். பதிவேட்டின் குணம் ஒரே காலைப்பொழுதில் பிடிபட்டுவிடும்.

கோடு போட்டு நீட்டுவது

இது அவசரத்துக்கு உதவும் முறை. பத்து வருடத்தில் 9,500 கூடியது என்றால் அடுத்த பத்திலும் 9,500 கூடும் என்று வைத்தால் 69,500. கூட்டு வட்டி மாதிரி அதே விகிதத்தில் வளரும் என்று வைத்தால் சுமார் 71,300. பத்து வருடத்தில் இரண்டும் அருகருகே நிற்கின்றன. முப்பது வருடத்துக்கு நீட்டினால் முதல் வழியில் 88,500, இரண்டாவதில் சுமார் 1,00,600.

இப்போது அந்தக் கிராமத்தைக் கவனிக்காமல் 48,000 என்றே வைத்துக் கூட்டு வட்டி போட்டிருந்தால்? முப்பது வருடத்தில் சுமார் 1,17,200. எல்லை மாறிய ஒரே ஒரு கோப்பைப் பார்க்காததால் இல்லாத 16,600 பேருக்குக் குழாய் பதித்திருப்போம்.

நீட்டிப்பு முறைக்குத் திருப்பங்கள் கண்ணில் படாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1950இல் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020இல் 6.4 லட்சம். 1950இல் கோடு போட்டவர் யாரும் மேல்நோக்கித்தான் போட்டிருப்பார். வளைகோடு போட்டாலும் தப்பிக்க முடியாது: ரேமண்ட் பேர்ல், லோவெல் ரீட் என்ற இரு அறிஞர்கள் 1920இல் ஒரு வளைகோட்டை வைத்து அமெரிக்காவின் மக்கள்தொகை சுமார் 19.7 கோடியோடு நின்றுவிடும் என்றார்கள். 1970 கணக்கெடுப்பிலேயே அது 20 கோடியைத் தாண்டிவிட்டது.

வயதை ஏற்றிக்கொண்டே போவது

தொழில்முறைக் கணிப்புகளில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் நடக்கின்றன. 1895இல் இங்கிலாந்தின் பொருளியலாளர் எட்வின் கேனன் இப்படி ஒரு கணக்குப் போட்டார். 1920களில் அமெரிக்காவில் பாஸ்கல் வெல்ப்டன் இதைப் பரவலாக்கினார். அடிப்படை எண்ணம் எளிது: இன்று 20 வயதில் இருப்பவர் ஐந்து வருடம் கழித்து 25 வயதில் இருப்பார், இறந்துபோகாவிட்டால், ஊரைவிட்டுப் போகாவிட்டால்.

ஒரு குழுவை மட்டும் கையில் எடுத்துப் பார்ப்போம். நம் ஊரில் 20–24 வயதுப் பெண்கள் 2,600 பேர். இந்த வயதில் ஐந்து வருடம் உயிரோடிருக்கும் விகிதம் 0.996 என்று இறப்பு அட்டவணை சொல்வதாக வைத்தால் 2,590 பேர். வந்தவர்களைக் கூட்டி, போனவர்களைக் கழித்து நிகரமாக 310 பேர் சேர்ந்தால் 2,900. ஐந்து வருடத்துக்குப் பிந்தைய 25–29 குழுவின் எண் இதுதான்.

அப்புறம் பிறப்பு. இன்று 25–29 வயதில் 2,400 பெண்கள், ஐந்து வருடம் கழித்து 2,900. இடைப்பட்ட காலத்தின் சராசரி 2,650. இந்த வயதில் ஒரு வருடத்தில் ஆயிரம் பெண்களுக்கு 110 குழந்தைகள் என்றால் ஆண்டுக்கு ஏறக்குறைய 292, ஐந்தாண்டில் சுமார் 1,458. நூறு பெண் குழந்தைகளுக்கு 105 ஆண் குழந்தைகள் என்ற வழக்கமான விகிதத்தில் பிரித்தால் 747 ஆண், 711 பெண். 15 முதல் 49 வரை ஏழு வயதுக் குழுக்களுக்கும் இப்படியே போட்டுக் கூட்டி, அதிலும் இறப்பைக் கழித்தால் அடுத்த கட்டத்தின் 0–4 வயதுக் குழு தயார். பத்து வருடத்துக்கு இதை இரண்டு முறை சுற்ற வேண்டும்.

சிறிய ஊரில் பிறப்பு, இறப்பு விகிதங்களை ஒரே வருடத்தை வைத்துக் கணக்கிடாதீர்கள். எண் சிறியது, ஆண்டுக்கு ஆண்டு துள்ளும். ஐந்து வருடச் சராசரி எடுங்கள், அல்லது மாவட்டம், மாநிலம் போன்ற பெரிய பகுதியின் விகிதத்தை வாங்கி உங்கள் ஊரின் மொத்தப் பிறப்புக்குப் பொருந்தும்படி ஏற்றி இறக்குங்கள். இறப்பு விகிதத்தைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். அது மெதுவாக நகர்வது, பத்து வருடத்தில் ஏமாற்றுவது அபூர்வம்.

இடப்பெயர்வு: எல்லாரும் தடுக்கி விழும் படி

பிறப்புக்கும் இறப்புக்கும் பதிவேடு இருக்கிறது. ஒருவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு இன்னோர் ஊருக்குப் போவதைப் பல நாடுகளில் யாரும் பதிவதில்லை. அதனால் கழித்து எஞ்சுவதைத்தான் இடப்பெயர்வு என்கிறோம். நம் ஊரில் பத்து வருடத்தில் இன்றைய எல்லைக்குள் 9,800 பிறப்பு, 3,900 இறப்பு. இயற்கைப் பெருக்கம் 5,900. மொத்த வளர்ச்சி 9,500. ஆக நிகர வரவு 3,600. எல்லையைத் திருத்தாமல் இதே கழித்தலைப் போட்டிருந்தால் 6,100 வந்திருக்கும். கணக்கெடுப்பில் விடுபட்டது, பதிவாகாத பிறப்பு என்று எல்லாத் தவறுகளும் வந்து குந்திக்கொள்ளும் திண்ணை இந்த எஞ்சிய எண்தான். அதை ஒருபோதும் உண்மை என்று முழுக்க நம்பாதீர்கள்.

பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்தல் நீக்கல், புதிய மின் இணைப்பு, மருத்துவப் பதிவு ஆகியவற்றோடு ஒட்டிப் பாருங்கள். எல்லாம் ஒரே திசையைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அங்கேயே நில்லுங்கள்.

இதற்கு நல்ல பாடம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். அங்கே இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் ஏராளம், வெளிநாட்டிலிருந்து வருபவர்களும் நிறைய. வருகிறவர்கள் கணக்கில் ஏறினார்கள். படிப்பு முடித்துக் கிளம்பியவர்கள் சரியாகக் கழியவில்லை. ஏட்டில் அவர்கள் கவென்ட்ரியிலேயே தங்கி வயதாகிக்கொண்டிருந்தார்கள். 2020க்கான அதிகாரபூர்வ மதிப்பீடு சுமார் 3.79 லட்சம். பிறப்பு எண்ணிக்கை போன்ற மற்றத் தரவுகள் இந்த வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கவில்லையே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நகரத்தைச் சுற்றிப் பாதுகாக்கப்பட்ட பசுமை நிலங்களில் வீடு கட்டும் திட்டம் அந்த எண்களின் மேல் நின்றதால் விவகாரம் சூடுபிடித்தது. புள்ளிவிவர ஒழுங்குமுறை அமைப்பு 2021இல் இதை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு நடந்த கணக்கெடுப்பில் தெரிந்த எண் சுமார் 3.45 லட்சம். ஏறக்குறைய 34,000 பேர் ஏட்டில் மட்டுமே வாழ்ந்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் கல்லூரி இருந்தால் இப்படிச் செய்யுங்கள்: மாணவர்களைத் தனியே எடுத்துவிட்டு மீதிப் பேருக்கு மட்டும் வயதை ஏற்றுங்கள். கடைசியில் மாணவர்களைத் திரும்பச் சேருங்கள், அவர்கள் இன்றைக்கு இருக்கும் அதே வயதில். ஆள் மாறுவார்கள், வயது மாறாது. படை முகாமுக்கும் சிறைக்கும் இதே வைத்தியம்.

வருபவர்களின் வயதும் கவனிக்க வேண்டியது. உலகெங்கும் இடம்பெயர்பவர்களில் இருபதுகளில் இருப்பவர்களே மிகுதி, அவர்களோடு சின்னக் குழந்தைகள். எனவே வரும் 3,600 பேர் அத்தோடு நிற்கமாட்டார்கள். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளும் உங்கள் பள்ளிக்குத்தான் வருவார்கள்.

எல்லாம் போட்டுக் கூட்டியதில் நம் ஊருக்குப் பத்து வருடத்தில் 69,000 வந்தது என்று வைத்துக்கொள்வோம். இடப்பெயர்வே இல்லையென்று போட்டால் 65,000.

பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு எதையும் தனித்தனியே பெற வழியில்லை, கையில் இரண்டு கணக்கெடுப்புகளின் வயது அட்டவணை மட்டும்தான் என்றால் 1962இல் ஹாமில்டன், பெரி என்ற இருவர் வெளியிட்ட குறுக்குவழி இருக்கிறது. முதல் கணக்கெடுப்பில் 15–24 வயதினர் 4,500. பத்து வருடம் கழித்து 25–34 வயதினர் 5,400. விகிதம் 1.2. இன்றைய 15–24 வயதினர் 5,000 என்றால் அடுத்த முறை 25–34 வயதினர் 6,000. இறப்பும் இடப்பெயர்வும் அந்த ஒரே விகிதத்துக்குள் அடங்கிவிடுகின்றன. குழந்தைகளுக்கு மட்டும், பிள்ளை பெறும் வயதிலுள்ள பெண்களுக்கு எத்தனை குழந்தைகள் என்ற விகிதத்தைப் பயன்படுத்துவார்கள். சின்ன ஊர்களுக்கு இது தாராளமாகப் போதும் என்பது என் கருத்து. ஒரே ஒரு எச்சரிக்கை: புதுக் குடியிருப்பு ஒன்று எழும்பிய பத்தாண்டின் விகிதத்தை வைத்து நீட்டினால் எண் பொங்கி வழியும்.

ஆளிலிருந்து குடித்தனம், குடித்தனத்திலிருந்து வீடு

மக்கள்தொகை 60,000 இலிருந்து 69,000 ஆகிறது. 15 சதவீதம். வீடும் 15 சதவீதம் கூடினால் போதுமா? போதாது.

69,000 பேரில் விடுதி மக்கள் 1,500 ஆகியிருப்பார்கள் என்று கழித்தால் 67,500. இன்றைக்குப் போல நான்கு பேருக்கு ஒரு குடித்தனம் என்றால் 16,875 குடித்தனம், கூடுவது 2,175. ஆனால் குடித்தனங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. பிள்ளைகள் குறைவு, தனியாக வாழும் முதியவர்கள் அதிகம், வேலைக்காகத் தனி வீடு எடுப்பவர்கள் அதிகம். பத்து வருடத்தில் சராசரி 3.6க்கு இறங்கினால் 18,750 குடித்தனம், கூடுவது 4,050. புதிய தேவையில் கிட்டத்தட்டப் பாதி, ஆள் கூடியதால் வந்ததே இல்லை. இருப்பவர்கள் பிரிந்து வாழ்வதால் வந்தது.

ஜப்பானில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 2015க்கும் 2020க்கும் இடையே அங்கே மக்கள்தொகை 12.7 கோடியிலிருந்து 12.6 கோடியாகக் குறைந்தது. அதே ஐந்து வருடத்தில் குடித்தனங்கள் 5.3 கோடியிலிருந்து 5.6 கோடியாகக் கூடின.

சராசரி ஒன்றை வைத்துப் பெருக்குவது முரட்டுக் கணக்கு. வயது அட்டவணை கையில் இருப்பதால் இன்னும் நுணுக்கமாகப் போகலாம்: ஒவ்வொரு வயதுக் குழுவிலும் எத்தனை சதவீதத்தினர் குடித்தனத் தலைவராக இருக்கிறார்கள் என்று கணக்கெடுப்பிலிருந்து எடுங்கள். இருபதுகளில் அது குறைவு, ஐம்பதுகளில் அதிகம். அந்த விகிதத்தை எதிர்கால வயதுக் குழுக்களோடு பெருக்கினால் குடித்தன எண்ணிக்கை கிடைக்கும். ஊர் முதுமையடைவதன் விளைவு தானாகவே அதில் சேர்ந்துவிடும்.

இந்த விகிதத்தில் ஒரு பொறி இருக்கிறது. வீடு கிடைக்காததால் முப்பது வயதிலும் பெற்றோரோடு இருப்பவர்கள் குடித்தனத் தலைவராகக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களின் விகிதத்தை அப்படியே நீட்டினால் "இவர்களுக்கு வீடு தேவையில்லை" என்று கணக்கு சொல்லும். பற்றாக்குறையே தேவையின்மையாக வேடம் போடுகிறது. இங்கிலாந்தில் இதுவே நடந்தது. 2016ஐ அடிப்படையாகக் கொண்ட குடித்தனக் கணிப்பு முந்தையதைவிடக் குறைவாக வர, வீட்டுத் தேவையைக் கணக்கிட 2014 கணிப்பையே பயன்படுத்துமாறு அரசு சொன்னது. 2024 டிசம்பரில் அதையும் விட்டுவிட்டு, இருக்கும் வீடுகளில் 0.8 சதவீதத்தை ஆண்டுத் தேவையின் தொடக்கப்புள்ளியாக வைத்து, அதன்மேல் வீட்டு விலைக்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்து ஏற்றும் முறைக்கு மாறினார்கள். இது முன்னேற்றமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. மக்கள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வியையே அது ஒதுக்கிவிடுகிறது. ஆனால் பழைய பொறியிலிருந்து வெளியே வந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும்.

சரி, வீட்டுக்கு வருவோம். எந்த நேரத்திலும் கொஞ்சம் வீடு காலியாக இருந்தால்தான் ஆள் மாற முடியும். 5 சதவீதம் காலி என்று வைத்தால் 18,750ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும்: 19,737 வீடுகள். இருப்பவை 15,500. வித்தியாசம் 4,237. இடிந்து போவது, கடையாக மாறுவது என்று வருடத்துக்கு 40 வீடு கழியும் என்றால் பத்து வருடத்தில் 400. மொத்தம் 4,637 புதிய வீடுகள், ஆண்டுக்கு சுமார் 460. காலி வீட்டு விகிதத்தை எடுக்கும்போது விற்க, வாடகைக்கு விட என்று காத்திருப்பவற்றையும், விடுமுறைக்கு மட்டும் திறப்பவை, உரிமையாளர் கைவிட்டவை ஆகியவற்றையும் தனித்தனியே பாருங்கள். ஜப்பானில் 2023இல் எண்ணிய 90 லட்சம் காலி வீடுகளில் நிறைய, வீடு தேடும் ஒருவருக்குக் கிடைக்கவே கிடைக்காதவை.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கணக்கு

இதுவரை ஆளிலிருந்து வீட்டுக்கு வந்தோம். இப்போது கட்டட அனுமதி கோப்புகளைத் திறந்து வீட்டிலிருந்து ஆளுக்குப் போவோம். எந்த ஊர்க் கணிப்பிலும் உள்ளாட்சிக்கு இருக்கும் தனிச் சாதகம் இது. தேசியப் புள்ளிவிவரத் துறைக்குத் தெரியாத ஒன்று, எந்தத் தெருவில் எது எழும்பப் போகிறது என்பது, உங்கள் அலமாரியில் இருக்கிறது.

அனுமதி வாங்கியதெல்லாம் வீடாவதில்லை. மனைப்பிரிவு அனுமதி, கட்டட அனுமதி, அடித்தளம், முடிவுச் சான்று, முதல் மின் கட்டணம் என்று ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் உதிரும், கொஞ்சம் தாமதமாகும். ஏழெட்டு வருடத்துக்கு முந்தைய அனுமதிகளை எடுத்து, அவற்றில் எத்தனை இன்று மின் இணைப்போடு நிற்கின்றன, எத்தனை வருடம் பிடித்தது என்று எண்ணுங்கள். கட்டுமான நிறுவனம் தரும் கால அட்டவணையைவிட இந்தப் பழைய எண்ணிக்கை நம்பகமானது. பெரிய திட்டம் என்றால் எல்லா வீட்டையும் ஒரே வருடத்தில் போடாதீர்கள். விற்கிற வேகத்துக்குத்தான் கட்டுவார்கள்.

நம் ஊரில் கடந்த ஐந்து வருடத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 310 வீடு முடிந்திருக்கிறது. அதே வேகம் தொடர்ந்தால் பத்து வருடத்தில் 3,100, கழிந்தது 400, ஊரில் மொத்தம் 18,200 வீடு. அதில் 95 சதவீதத்தில் ஆள் இருந்தால் 17,290 குடித்தனம். 3.6ஆல் பெருக்கி விடுதி மக்களைக் கூட்டினால் சுமார் 63,700 பேர்.

ஒரு பக்கம் 69,000, இன்னொரு பக்கம் 63,700. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுக்கும் ஆசை வரும். வேண்டாம். அந்த 5,300 பேர் என்ன ஆவார்கள் என்று கேளுங்கள். ஒருவேளை குடித்தனம் சிறுக்காமல் நெருக்கியடித்து வாழ்வார்கள்: 17,290 குடித்தனத்தில் 67,500 பேரை அடைத்தால் வீட்டுக்கு 3.9 பேர். ஒருவேளை எல்லைக்கு அப்பால் மனை வாங்கிப் போவார்கள். அப்போது உங்கள் இடப்பெயர்வு எண் குறைய வேண்டும், பக்கத்து ஊரின் எண் கூட வேண்டும். அல்லது அனுமதி இல்லாமல் மாடி ஏறும். எது நடக்கிறது என்பதற்குத் தடயம் ஊரிலேயே இருக்கும்: வாடகை ஏறுகிறதா, ஒரே கதவு எண்ணில் பள்ளிப் பிள்ளைகள் கூடுகிறார்களா, எல்லையோரத்தில் புது மின்கம்பங்கள் வந்துவிட்டனவா. அதைப் பார்த்து இரண்டு கணக்கில் எதைத் திருத்துவது என்று முடிவெடுங்கள்.

வார்டுகளுக்குப் பிரிப்பது

மொத்தத்தை முடிவுசெய்த பிறகு பகுதிகளுக்குப் பிரிக்க வேண்டும். ஒவ்வொரு வார்டையும் தனியாக நீட்டிக் கூட்டினால் ஊர் மொத்தத்தைவிடப் பெரிய எண் வரும், வளர்கிற வார்டு நிற்காமல் வளர்வதால். எனவே மேலிருந்து கீழே வாருங்கள். முழுதாகக் கட்டி முடிந்த வார்டில் ஆள் குறையவும் செய்வார்கள், பிள்ளைகள் வெளியேறி வயதானவர்கள் மட்டும் தங்கிவிடுவதால். காலி மனை, அனுமதி, நிலப் பயன்பாட்டு விதி, தண்ணீர், சாக்கடை வசதி ஆகியவை எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் புது வீடுகளை வைக்க முடியும். கடைசியில் எல்லா வார்டும் சேர்ந்து ஊர் மொத்தத்துக்குச் சமமாக வரும்படி விகிதத்தில் சரிசெய்யுங்கள்.

எவ்வளவு தப்பும்?

தப்பும். எவ்வளவு என்பதை முன்கூட்டியே அறிய ஒரு வழி, பத்து வருடத்துக்கு முன் போய் நிற்பது. அன்று கையில் இருந்த தரவை மட்டும் வைத்து இன்றைய எண்ணைக் கணித்து, உண்மையோடு ஒப்பிடுங்கள். அன்றைக்குத் தெரியாத எதையும் உள்ளே விடாதீர்கள். மனம் ஏமாற்றப் பார்க்கும். அமெரிக்க அனுபவத்தில், பத்து வருடக் கணிப்பின் சராசரிப் பிழை மாநிலங்களுக்கு 6 சதவீதம், மாவட்டம் போன்ற பகுதிகளுக்கு 12, வார்டு அளவிலான சிறு பகுதிகளுக்கு 18 என்ற மட்டத்தில் இருந்திருக்கிறது. ஊர் சிறுக்கச் சிறுக்க, காலம் நீள நீளப் பிழை பெருகும். அதனால் 68,937 என்று கடைசி இலக்கம் வரை எழுதாதீர்கள். 69,000 என்பதே தாராளம்.

குறைவு, நடு, அதிகம் என்று மூன்று எண் கொடுக்கும் வழக்கம் உண்டு. நடு எண்ணிலிருந்து பத்து சதவீதம் கூட்டிக் கழித்துக் கொடுப்பது வெறும் அலங்காரம். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கட்டும்: தொழிற்பேட்டை வராவிட்டால் 65,000, கட்டும் வேகம் மாறாவிட்டால் 63,700, புறவழிச்சாலை திறந்து இரண்டு பெரிய மனைப்பிரிவுகளும் நிறைந்தால் 72,000. இப்படிச் சொன்னால் கூட்டத்தில் பேச்சு எண்ணை விட்டுச் சாலைக்கும் தொழிற்பேட்டைக்கும் போகும்.

கடைசியாகக் கோப்பு. ஒரு பக்கத்தில் அடிப்படை ஆண்டு, எல்லை வரைபடம், பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு விகிதங்கள், குடித்தன அளவு, காலி வீட்டு விகிதம், ஒவ்வொன்றும் எங்கிருந்து எடுத்தது என எழுதி முதல் தாளாகக் கோத்துவிடுங்கள். அதற்குக் கீழே இரண்டே வரி: ஆண்டுக்கு எத்தனை பிறப்பு எதிர்பார்த்தோம், எத்தனை வீடு முடியும் என்று எதிர்பார்த்தோம். வருடா வருடம் உண்மை எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து விலகினால் மறுபடி போட வேண்டியதுதான்; அப்போது நீங்கள் வேறு பிரிவுக்கு மாறியிருந்தாலும், உங்கள் நாற்காலிக்கு வந்தவர் எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.